வழிமாந்தரும் விளிமரபும்: கதைவிளையாட்டுப் பட்டியல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, உரையாடலாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வழியாக அச்சுருவம் பெற்றது. ஆடுநருள் ஒருவர் கதைநடத்துநர். ஏனையோர் தத்தம் தலைமைப் பாத்திரத்தை மட்டுமே பேசுவர். கதையில் எதிர்ப்படும் பிறர் அனைவரும், அதாவது சத்திரக்காரர், ஓடக்காரர், காவலர், வழிகேட்டால் விடை சொல்லும் கிழவி ஆகியோர், நடத்துநர் ஒருவரின் வாயிலிருந்தே பிறத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘நான் பிளேயர் கேரக்டர்’ எனப்படும் இவர்களை இக்கட்டுரை ‘வழிமாந்தர்’ எனக் குறிக்கிறது.

ஆடுநர் எந்தக் கதவைத் தட்டுவர் என்பதை நடத்துநர் முன்னறிய இயலாது. எனவே வழிமாந்தரை நொடிப்பொழுதில் ஆக்கித் தரும் பட்டியல்கள் தொடக்கத்திலேயே தோன்றின. 1977இல் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் விண்வெளிக் கதைவிளையாட்டில், வேலை தரும் புரவலர் யார் என்பதைக் காய் உருட்டி அறியும் பட்டியல் உண்டு. 1979இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேட்டில் வழிமாந்தரின் தோற்றம், இயல்பு, நேர்மை, துணிவு, சிக்கனம், ஆர்வம் எனத் தனித்தனிப் பத்திகள் அமைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காய் உருட்டப்பட்டது. ‘ரோல்20’ போன்ற இணையமேடைகள் 2012 முதல் பரவிய பின்னர் உருட்டும் வேலையைக் கணினி ஏற்றது; ஒரு விசையைத் தட்டினால் பெயர், வயது, தொழில், மனநிலை, மறைபொருள் ஒன்று என ஓர் ஆள் திரையில் தோன்றுகிறார். பெங்களூரில் பலகையாட்டத்திற்கென அமைந்த காப்பிக்கடைகளிலும், இணையவழியாக வீடுகளிலும் ஆடப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆட்டத்தைத் தமிழில் நடத்த முற்படுவோரும், இப்பட்டியல்களைத் தமிழாக்க முற்படுவோரும் முதல் அடியிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். அது சொல்வளக் குறைவால் நேர்வதன்று. பட்டியல் முறைக்கு அடிப்படையான கருதுகோள் ஒன்று தமிழுக்குப் பொருந்தாமையால் நேர்வதாகும்.

பத்திகள் தனித்தவையா?

அக்கருதுகோள் இது: ஒரு மாந்தரின் பண்புகள் ஒன்றையொன்று சாராதவை, ஆதலின் அவற்றைத் தனித்தனியே உருட்டிப் பின்னர்க் கூட்டினால் ஓர் ஆள் கிடைப்பார். இதனைச் சோதித்தற்கு அல்சூரை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூரில் பாளையம் 1809இல் அமைக்கப்பட்டபோது சென்னை மாகாணப் படைகளோடும், அவற்றைத் தொடர்ந்த வணிகரோடும் தொழிலாளரோடும் தமிழ் பெருமளவில் அங்குக் குடியேறிற்று. பாளையமும் பழைய நகரமும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. இன்றும் அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதிகளில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கனி உருது ஆகியவற்றைக் கேட்கலாம்.

அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலின் முன் ஒரு பூக்கடை இருப்பதாகக் கதை அமைகிறது எனக் கொள்வோம். பட்டியல் உருட்டப்படுகிறது. கிடைப்பவர்: யாழினி, வயது 68, பூ விற்பவர், சிடுசிடுப்பானவர். தமிழறிந்த எவரும் இங்குத் தயங்குவர். ‘யாழினி’ அண்மைத் தலைமுறையில் பரவிய பெயர். அறுபத்தெட்டு வயதினர் ஒருவருக்கு முனியம்மாள், கமலா, ஞானம்மாள், தமிழ்ச்செல்வி என ஏதேனும் பெயர் இருத்தல் கூடும். அவற்றுள் எது என்பது பிறந்த ஊர், சமயம், தந்தையின் அரசியல் ஆகியவற்றைப் பொறுத்தது. 1916 முதல் தனித்தமிழ் இயக்கம் பெயர்களை மாற்றிற்று. பின்னர் ‘ஷ்’ என முடியும் வடமொழிச் சாயற்பெயர்கள் ஓர் அலையாக வந்தன. அதன் பின்னர் மீண்டும் தமிழ்ப்பெயர்கள் வந்தன. ஆகத் தமிழில் பெயர் என்பது பாதியளவில் வயதே. அறுபத்தெட்டு வயது யாழினி இருத்தல் இயலாது என்பதில்லை. ஆனால் அவ்வாறு ஒருவர் இருப்பின் அப்பெயரை இட்ட தந்தை யார் என்பதே ஒரு கதையாகிவிடும். பூ வாங்க வந்த ஆடுநர் அந்தக் கதையைக் கேட்க வரவில்லை.

ஆங்கில நூல்களின் பெயர்ப்பட்டியல் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2017இல் வெளிவந்த ‘ஸனாதரின் அனைத்துக்குமான வழிகாட்டி’ என்னும் துணைநூலின் பின்னிணைப்பில் ஆங்கிலேயர், பிரெஞ்சியர், செருமானியர், கிரேக்கர், உரோமர், இசுபானியர், நோர்சு மக்கள் எனத் தனித்தனிப் பெயர்ப்பட்டியல்கள் உள்ளன. இந்தியாவுக்கு உள்ளது ஒரே தலைப்பு: ‘இந்தியப் பெயர்கள்’. (அதே பின்னிணைப்பில் ‘நைஜர்-காங்கோ’ என்பதும் ஒரு தலைப்பு. ஆயிரத்திற்கு மேற்பட்ட மொழிகளைக் கொண்ட ஒரு மொழிக்குடும்பத்தையே ஓர் இனத்தின் பெயர்ப்பட்டியலாக்கிய துணிவை மொழியியலார் வியக்கலாம்.) பெயரை முற்பெயர், குடும்பப்பெயர் என இரு பத்தியாக்கும் முறையும் இத்தகையதே. தமிழில் முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிக்கும்; மணமான பெண்ணுக்குக் கணவர் பெயரைக் குறிப்பதும் உண்டு. கன்னடத்தில் ஊர்ப்பெயரும் முன்னெழுத்தாகும். குடும்பப்பெயர்ப் பத்தியில் இவற்றை எங்கே இடுவது?

பிணைத்தலின் தீங்கு

பத்திகள் தனித்திருத்தல் தவறாயின், அவற்றைப் பிணைத்துவிடலாமே என்பது எளிதில் தோன்றும் தீர்வு. வயதுக்கேற்ற பெயர், பெயருக்கேற்ற தொழில் என ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறும்படி பட்டியலை அமைத்தால் மெய்ம்மை மிகும். ஆயின் இங்கேதான் பட்டியலாக்குவோர் மிகுந்த எச்சரிக்கை கொள்ளவேண்டும். தமிழ்ச் சூழலிலும் கன்னடச் சூழலிலும் பெயரைத் தொழிலோடு பிணைத்த பழைய பட்டியல் ஒன்று ஏற்கெனவே உண்டு, அது சாதி. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுவதை விடுமாறு தீர்மானித்தது இப்பிணைப்பை அறுத்தற்கே. தமிழ்ப்பெயர்கள் இன்று பெரும்பாலும் ஒற்றைச்சொல்லாக நிற்பதில் அவ்வியக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. மெய்ம்மையின் பெயரால் ஒரு கணினிநிரல் அந்த முடிச்சை மீண்டும் இடுமாயின், ஆடுநர் தட்டும் ஒவ்வொரு தட்டலிலும் அது சாதியைக் கற்பிக்கும்.

பண்டை இலக்கணமும் இதற்கு விலக்கன்று. தொல்காப்பியத்தின் கருப்பொருள் வைப்பு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், யாழ் என நிலத்தோடு பிணைத்துக் கூறுவது உண்மையில் ஒரு பட்டியலே. நிலம் ஒன்றைத் தெரிந்தால் ஏனையவை தாமே வந்துசேரும். கதைநடத்துநருக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடைப்பதரிது. ஆனால் அடியோர்க்கும் வினைவலர்க்கும் உரிய இடத்தை அதே நூல் ‘புறத்து’ என வரையறுக்கிறது. உரையாசிரியர்கள் அதனைக் கைக்கிளை, பெருந்திணைகளோடு சார்த்திப் பொருள் காண்பர். அன்பின் ஐந்திணை தலைமக்களுக்கு. ஏவல் செய்வோர் ஓரத்துக்கு. இலக்கணத்தின் அழகைப் பாராட்டுவோர் இந்த ஓரத்தையும் கண்டு கடத்தல் வேண்டும். மேலை விளையாட்டு உலகிலும் இத்தகைய விவாதம் நிகழ்ந்துள்ளது. பிறப்பாலேயே சில குடியினர் தீயோர் என விதித்த பழைய நூல்கள் 2020க்குப் பின் திருத்தப்படலாயின. 2024ஆம் ஆண்டின் விதிநூல் ‘இனம்’ என்ற பொருள்தரும் பழைய கலைச்சொல்லையே கைவிட்டது.

பிணைக்காவிடின் பொருந்தாமை, பிணைப்பின் தீமை. இவ்விரண்டுக்கும் இடையில் தமிழுக்கென ஒரு வழி உண்டா என்பதே ஆய்தற்குரியது.

முதல் வாக்கியம்

பூக்கடைக்கே திரும்பலாம். ஆங்கிலத்தில் நடத்துநர் வயது, தொழில், மனநிலை ஆகியவற்றை அறிந்தவுடன் பேசத் தொடங்கிவிடலாம்; ‘என்ன வேண்டும்’ எனக் கேட்கும் ஆங்கில வாக்கியம் எவரிடமும் மாறாது. தமிழில் அப்பெண் வாய்திறக்கும் முன்னரே ஒரு தெரிவு முடிந்திருத்தல் வேண்டும். வா, வாங்க, வாம்மா, வாப்பா, வா தம்பி, வா கண்ணு, வாங்க சார் என்பவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் அவர் வரவேற்க இயலாது. இத்தெரிவை அவருடைய வயதோ சிடுசிடுப்போ தீர்மானிப்பதில்லை. எதிரில் நிற்பவர் யார், அவரை இதற்குமுன் கண்டதுண்டா, அவர் கையில் கோப்பு உண்டா கூடை உண்டா என்பவையே தீர்மானிக்கின்றன. சுருங்கக்கூறின், தமிழில் ஒரு மாந்தரின் முதற்பண்பு அவரிடம் இல்லை. அவருக்கும் கேட்போருக்கும் இடையில் உள்ளது. எந்தப் பட்டியலிலும் இதற்குப் பத்தி இல்லை.

மொழியியலுக்கு இது புதிதன்று. பிரெளனும் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரை, முன்னிலைப் பெயர்கள் அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளில் இயங்குவதைக் காட்டிற்று. பெனலப்பி பிரெளனும் லெவின்சனும் பணிவுமொழி பற்றி 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய ஆய்வில், ஆங்கிலம், செல்தால் ஆகியவற்றோடு கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழையும் தரவாகக் கொண்டனர். ஆனால் இவ்வாய்வுகள் ஏற்கெனவே உள்ள இருவரின் உறவைப் பேச்சிலிருந்து கண்டறிந்தன. கதைநடத்துநரின் தேவை இதற்கு மறுதலையானது. உறவை முதலில் தெரிந்து, பேச்சை அதிலிருந்து ஆக்குவது அவர் பணி.

தமிழ் பேசுவோர் இத்தெரிவைத் தவிர்த்தற்கும் வழி வைத்துள்ளனர் என்பது இங்கு நோக்கத்தக்கது. எதிரில் நிற்பவரை நீ என்பதா நீங்கள் என்பதா எனத் துணிய இயலாதபோது, ‘என்ன வேணும்?’, ‘எங்கே போகணும்?’, ‘சாப்பாடு ஆச்சா?’ என முன்னிலை விகுதி ஏலாத தொடர்களால் பேசி ஒப்பேற்றுவர். கன்னடத்தின் ‘ஏனு பேக்கு?’ என்பதும் அவ்வாறே. மொழிபெயர்ப்பாளருக்கு இது நல்ல புகலிடமாகத் தோன்றும். பட்டியலின் எல்லா மாந்தர்க்கும் பொதுவான முதல் வாக்கியமாக ‘என்ன வேணும்?’ என்பதை எழுதிவிடலாம். ஆனால் தொடர்ந்து இவ்வாறே பேசும் ஒருவர் பொதுவானவர் ஆகார். உறவுக்குள் வர மறுப்பவர் என்றே கேட்போர் அவரைக் கொள்வர். தவிர்த்தலும் தமிழில் ஒரு குணமே. அண்மைக்காலத்தில் வழிமாந்தரை ஆக்கப் பயன்படும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிடம் வேறொரு பிழை காணப்படுவதுண்டு. முதல் வாக்கியத்தில் ‘வா’ என்றவர் மூன்றாம் வாக்கியத்தில் ‘நீங்கள்’ என்பார். இலக்கணப்பிழை ஏதுமின்றியே அங்கு ஓர் ஆள் இருவராகிவிடுகிறார்.

விளிச்சொல் இடத்தையும் காட்டும். அண்ணாச்சி என்பது தென்பாண்டிக் கடைவீதியையும், நைனா என்பது வடதமிழகத்தையும் உடன்கொண்டு வரும். பெங்களூரிலோ அண்ணா, அக்கா, அம்மா என்பவை தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. இரு மொழியினரும் ஒருவரையொருவர் மொழி அறியுமுன்னரே அழைத்துவிடலாம். மேலும், பூக்கடைப் பெண்ணை ஆடுநர் எவரும் யாழினி என்றோ முனியம்மாள் என்றோ அழைக்கப் போவதில்லை. அவர் பூக்காரம்மா. தொழிலும் உறவுமுறையும் ஒட்டிய இவ்வழைப்பிலேயே அவர் ஆட்டம் முழுதும் வாழ்ந்துவிடுவார். மேலைப் பட்டியல்கள் முதலிடம் தரும் பெயர்ப்பத்தி தமிழ் வழிமாந்தருக்குப் பெரும்பாலும் வேண்டாத ஒன்று. சாதியை உள்ளே விடும் கதவும் அதுவே என்பதால், அதனைக் கடைசிக்குத் தள்ளுதல் இருவகையிலும் நன்று.

பெயரில்லாதார் மரபு

பெயரின்றி மாந்தரை நிறுத்தும் கலை தமிழில் பழையது. அன்பின் ஐந்திணையில் எவரது பெயரும் சுட்டப்பெறாது என்பது தொல்காப்பிய விதி. தோழி, செவிலி, பாங்கன், கண்டோர் எனப் பேசுவோர் அனைவரும் உறவாலேயே அறியப்படுவர். குறுந்தொகையின் ஏழாம் பாட்டு, உடன்போக்கில் செல்லும் இருவரை இடைச்சுரத்தில் கண்டவர்கள் கூற்று. அவர்கள் யார், எவ்வூரினர், என்ன தொழிலர் என எதுவும் தெரியாது. அவர்கள் யாரைக் கண்டு எவ்வாறு இரங்கினர் என்பது மட்டுமே தெரியும். அவ்வளவில் அவர்கள் மறக்கவொண்ணாதவர் ஆகின்றனர். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில் மகளைத் தேடிவரும் செவிலி வழியில் முக்கோற் பகவரைக் கண்டு வினவுகிறாள். கதைவிளையாட்டின் மொழியில் சொன்னால் அவர்கள் வழிமாந்தர். தேடுபவள் பண்மையோடும் பன்மையோடும் விளித்த விளியே அவர்கள் பேசுதற்குரிய தகுதியை முன்கூட்டி அமைத்துவிடுகிறது. சொல்லதிகாரம் ‘விளிமரபு’ என ஓர் இயலையே இதற்கு ஒதுக்கியிருப்பதைத் தமிழில் பட்டியலாக்குவோர் முதலில் படித்தல் நலம்.

மேடைமரபிலும் இதனைக் காணலாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒருவனே வாயிற்காவலனாகவும் தூதனாகவும் ஊரானாகவும் மாறுவான். வேடத்தை மாற்றுவதினும் அரசனை அழைக்கும் முறையை மாற்றியே அவன் ஆளை மாற்றுகிறான். கரையோரக் கர்நாடகத்தின் யட்சகானத்தில் ஹாஸ்யகாரரின் பணியும் இதுவே. தாளமத்தளை என்னும் வடிவமோ மேசைவிளையாட்டுக்கு இன்னும் நெருங்கியது: வேடமின்றி அமர்ந்த நிலையில், பாடப்படும் பிரசங்கத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பாத்திரங்கள் முன்னெழுதாத உரையாடலில் வாதிடுவர். 1974ஐ ஒரு தொடக்கமாகக் கூறுவோர் இதனையும் கருதவேண்டும்.

தாயக்காயால் ஓர் உருட்டு

எனவே தமிழுக்கேற்ற பட்டியல் மாந்தரை உருட்டாமல் உறவை உருட்டுதல் வேண்டும். அதற்கு நூறுமுக எண்ணைவிடத் தாயக்காய் பொருத்தமானது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டில் ஒவ்வொன்றுக்கும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். காய்கள் கோணாதவை எனக் கொண்டால் 16 நேர்வுகள். மூன்று விழ 4 வழிகள். இரண்டும் நான்கும் விழ மும்மூன்று. தாயமும் ஐந்தும் விழ இரண்டிரண்டு. ஆறு விழ ஒன்று. இரண்டும் வெறுமையாகி பன்னிரண்டு விழ ஒன்று. நூற்றுப்பட்டியலில் தேநீர்க்கடைக்காரரும் அரசனின் ஒற்றரும் ஆளுக்கோர் எண் பெற்றுச் சமமாக எதிர்ப்படுவர். தாயத்தில் வழக்கமானது வழக்கமாகவும் அரியது அரிதாகவும் வரும். (நளன் கதையில் இருதுபன்னன் தான்றிமரத்தின் இலையையும் காயையும் நிற்காமலே கணக்கிட்டுச் சொல்வதும், அது சூதறிவின் பகுதி என்பதும் நினைக்கத்தக்கன. இயன் ஹாக்கிங் 1975இல் வெளியிட்ட நிகழ்தகவு வரலாற்றில் இக்கதையை எடுத்தாள்கிறார்.)

மூன்று விழுந்தால் கடைக்காரரும் வாங்குபவரும். விளி ‘வாங்க’ அல்லது வயது நோக்கி ‘வா தம்பி’. இரண்டோ நான்கோ விழுந்தால் நாள்தோறும் காண்பவர். ‘கண்ணு’ வரும், கடன் வரும். ஐந்து விழுந்தால் ஆடுநரை வேறொருவராகத் தவறாக எண்ணியவர். தாயம் விழுந்தால் முன்னொரு மனத்தாங்கல் உள்ளவர். இவரே ‘என்ன வேணும்?’ என மட்டும் கேட்பவர். ஆறு விழுந்தால் ஆடுநரிடம் அச்சம் கொண்டவர். ‘சார்’ என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் வரும். பன்னிரண்டு விழுந்தால் உறவினர். கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின் பெங்களூர் வந்த குடும்பம், ஆடுநரின் தாய்வழி ஊரார் எனக் கண்டறியும் காட்சிக்கு இந்த ஓர் எண் போதும். வயது இவ்வுறவிலிருந்து பெறப்படும். பெயர், யாரேனும் கேட்டால் மட்டும், வயதிலிருந்து பெறப்படும். தொழில் கதை நிகழும் இடத்திலிருந்து வரும். பெயரோடு அதற்குத் தொடர்பு வேண்டா.

இம்முறைக்கும் குறை உண்டு. உறவு இருவருக்கு இடையிலானது. ஆடுநர் நால்வராயின் நான்கு உருட்டுகள் வேண்டும், ஆட்டம் தாமதமாகும். முன்னிற்கும் ஒருவருக்கு மட்டும் உருட்டி, ஏனையோரை அவருடைய உடன்வந்தோராகக் கொள்ளுதல் ஓரளவு பயன்தரும். அல்சூரிலோ இதுவும் முழுமையாகாது. தமிழ்ப்பையன் ஒருவனும் கன்னடம் பேசும் அம்மையார் ஒருவரும் ஒன்றாகப் பூக்கடைக்கு வருகின்றனர் எனின், பூக்காரம்மா அவனிடம் ‘வா தம்பி, எத்தனை முழம்?’ என்பார், அதே மூச்சில் அம்மையாரிடம் கன்னட மரியாதைப் பன்மையில் வருக என்பார். முழம் கன்னடத்தில் ‘மொள’ ஆவதில் இடர் இல்லை. ஆனால் அந்த வரவேற்புச் சொல்லைத் தமிழெழுத்தில் தட்டச்சிட்டால் ‘பன்னி’ என்றுதான் வரும். தமிழ்ப்பேச்சில் அது பன்றி. ஒலிப்பிரிவு காட்டாத எழுத்தில், மிகுந்த மரியாதையுடன் அழைக்கப்பட்ட அம்மையார் திரையில் வசவு வாங்கியவராகத் தோன்றுவார். ‘பர்ரி’ என வடகன்னட வழக்கை இட்டால் அல்சூர் போய்விடும். ‘பாரம்மா’ என்றால் நெருக்கம் கூடிவிடும். இவ்விடத்தில் பட்டியலில் ‘கன்னடத்தில் வரவேற்றார்’ என நடத்துநர் கூற்றாக எழுதிவைப்பதே இப்போதைக்கு இயல்வது.